வளைவில் வேகம் குறைக்கும் வண்டிகள்

செங்கரடு ஜங்ஷனில் மனிதர்கள் ரயிலைப் படம் எடுப்பார்கள். ரயில்கள் மனிதர்களைப் படம் எடுக்கும். இதில் ஒளிவுமறைவு ஒன்றும் கிடையாது. இன்ஜினின் முகவிளக்கு பட்டப்பகலில் ஒரு தரம் சிமிட்டினால், எடுத்துவிட்டது என்று அர்த்தம். ரயில்வே கேட்டில் காத்து நிற்கிறவர்கள் வண்டிச் சத்தம் கேட்டதும் முகத்தைத் துடைத்துக்கொள்வார்கள், முந்தானையைச் சரிசெய்துகொள்வார்கள். தீபாவளியன்று விளக்குகள் சிமிட்டுகிற சிமிட்டில் கண் கூசும். ஊரே புதுத்துணியில் அல்லவா இருக்கிறது. எடுத்த படங்களை இன்ஜின்கள் ஷெட்டில் மூக்கோடு மூக்கு முட்டி நின்று ஒன்றுக்கொன்று காட்டிக்கொள்ளும். அந்த உறுமலை வெளியூர்க்காரர்கள் வெறும் இன்ஜின் சத்தம் என்று நினைப்பார்கள். நினைத்துவிட்டுப் போகட்டும், நமக்கென்ன.

மரகதவல்லி இந்தப் பழக்கத்துக்கு வந்தது பயத்தினால்தான். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஜாக்கெட் தைக்கும் கடை வைத்திருக்கிறாள். வேறு ஊரிலிருந்து தனியாக வந்தவள். வாரநாளெல்லாம் தையல் மிஷின் சத்தமும், "கை இறுக்குது, கழுத்து இறங்குது" என்று வாடிக்கைக்காரிகள் போடுகிற சத்தமுமாகப் பொழுது ஓடிவிடும். ஞாயிற்றுக்கிழமை என்றால் அவளுக்குப் பயம். கடை கிடையாது, பேச ஒரு ஆள் கிடையாது. மத்தியானத்துக்கு மேல் வீட்டுச் சுவர் ஒவ்வொரு சாணாகக் கிட்டே வரும். அவள் கட்டிலை நடுவில் இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொள்வாள். பாவம், எத்தனை ஞாயிற்றுக்கிழமையைத்தான் அப்படித் தள்ளுவது?

ஒரு ஞாயிறு, இனி மாட்டேன் என்று எழுந்து வந்து தண்டவாளத்தை ஒட்டி நடந்தாள். கல்லுப்பாலத்து வளைவில் ஒரு எக்ஸ்பிரஸ் அவளைப் பார்த்துச் சிமிட்டியது. பதிலுக்கு ஒன்றும் செய்யாமல் நின்றால் மரியாதையாக இருக்காதே என்று அவளும் போனை எடுத்து ஒரு படம் எடுத்தாள்.

"யக்கா, படத்துல வண்டியோட வால் வெட்டுப்பட்டிருக்கும் பாருங்க. அடுத்த வண்டிக்கு ரெண்டு எட்டு பின்னால வந்து எடுங்க" என்று ஒரு குரல் கேட்டது.

பேக்கரிக்கடை காதர் மைதீன். ஒரு கையில் கேமரா, மறுகையில் தேங்காய் பன். பன்னைப் பாதியாகப் பிட்டு நீட்டினார். அவருக்குப் பக்கத்தில் இன்னும் இருவர். கோமதிநாயகம் அண்ணாச்சி தபாலாபீஸ் உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றவர். ஹாரனைக் கேட்டே எந்த இன்ஜின் என்று சொல்லிவிடுவார். பாதி தப்பாக இருக்கும், அதற்காக அவர் நிறுத்துவதில்லை. ஜெபராஜ் கல்யாண வீடுகளில் படம் எடுக்கிறவன், கூட்டத்தில் இளையவன். "சிரிங்க சிரிங்கன்னு கெஞ்சவே வேண்டாம்க்கா. அதனாலயே எனக்கு ரயிலைப் பிடிக்கும்" என்பான்.

அன்றிலிருந்து அவள் நாலாவது ஆள். அடடா, அந்த ஞாயிற்றுக்கிழமைகளை என்னவென்று சொல்ல! வண்டி வருவது கொஞ்ச நேரம்தான். மீதி நேரமெல்லாம் பேச்சு. பாய் வீட்டுச் சண்டை, அண்ணாச்சியின் சர்க்கரை, ஜெபராஜின் மாமியார், ஜாக்கெட்டுக்கு அளவு கொடுக்க வந்தவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்ற கதை. யாராவது "வருது" என்றால் நாலு பேரும் வாயை மூடிக்கொண்டு கேமராவைத் தூக்குவார்கள். வண்டி போனதும் தலையோடு தலை ஒட்டி நின்று ஒருவர் படத்தை ஒருவர் பார்ப்பார்கள். அண்ணாச்சியின் படத்தில் எப்போதும் கரண்டுக் கம்பம்தான் இருக்கும், ரயில் இருக்காது. "கம்பம் ரொம்பத் தெளிவா விழுந்திருக்கு அண்ணாச்சி" என்று பாய் சொல்லுவார். மரகதவல்லி கண்ணில் தண்ணீர் வரச் சிரிப்பாள். வீட்டுச் சுவர் இருந்த இடத்தில் இருந்தது.

போன ஆவணியில் வண்டிகள் அந்த வளைவில் வேகம் குறைக்க ஆரம்பித்தன.

முதலில் மதுரைப் பக்கத்து பாசஞ்சர். அடுத்து, என்றைக்கும் சர்ரென்று போய் மண்ணை வாரி முகத்தில் அடிக்கிற சூப்பர்ஃபாஸ்ட். நடந்து வருகிற மாதிரி வந்தது. விளக்கு ஒருதரம் அல்ல, சிமிட்டிக்கொண்டே போனது. நாலு பேருக்கும் சந்தோஷம் பிடிபடவில்லை. படமெல்லாம் கல்வெட்டு மாதிரித் தெளிவாக விழுந்தது. அண்ணாச்சியே ஒரு முழு இன்ஜினை எடுத்துவிட்டார். பாய் அன்றைக்கு ஆளுக்கு இரண்டு பன் கொடுத்தார். அடுத்த ஞாயிறு, இந்தப் பாதைக்கு வரவே வராத வடக்கத்தி இன்ஜின் ஒன்று பெட்டி எதுவும் கோக்காமல் தனியாக வந்து, வளைவில் நின்று, பார்த்து, சிமிட்டிவிட்டுத் திரும்பிப் போனது.

"நமக்கு அடிச்ச அதிர்ஷ்டத்தைப் பாத்தீயளா!" என்று ஜெபராஜ் குதித்தான்.

அண்ணாச்சி குடித்துக்கொண்டிருந்த டீயைப் பாதியில் நிறுத்தினார். "ஏ தம்பி, நாம எப்போ இப்பிடிக் கூட்டமா, தூரந்தொலையிலேர்ந்தெல்லாம் வந்து எடுப்போம்?"

பதில் எல்லோருக்கும் தெரியும். போன தை மாதம் பழைய டீசல் இன்ஜின் ஒன்று கடைசியாக ஓடியபோது எத்தனை ஊரிலிருந்து ஆட்கள் வந்தார்கள்! மாலை போட்டு, சந்தனம் வைத்து, இவர்கள் நாலு பேரும் அதன் முன்னால் பல்லெல்லாம் தெரிய நின்று எடுத்துக்கொண்டார்கள். மறுநாள் அதன் முதுகில் சாக்கட்டியால் பெருக்கல் குறி போட்டு, வடக்கே கொண்டுபோய்ப் பழைய இரும்பாக வெட்டிவிட்டார்கள்.

ரயில்களுக்கும் அந்த வழக்கம் உண்டு. கேட்டுப் பக்கம் குடை ரிப்பேர் செய்த வேலாயுதத்துக்காக இப்படித்தான் வண்டிகள் வேகம் குறைத்தன. "வேலாயுதத்துக்கு வந்த வாழ்வைப் பாரு" என்று ஊரே பொறாமைப்பட்டது. பிறகு ஒருநாள் அவர் முதுகில் அதே சாக்கட்டிப் பெருக்கல் குறி இருந்தது. யார் போட்டது என்று யாரும் கேட்கவில்லை. அந்த வாரமே ஒரு சரக்கு வண்டி கேட்டருகே நின்றது. அவரைக் கடைசிப் பெட்டியின் பின்னால் கோத்துக்கொண்டு வடக்கே போய்விட்டது. அவர் சம்சாரம் தயிர்சாதம் கட்டிக்கொடுத்தாள்.

மரகதவல்லி கையில் இருந்த டீ சேலையில் கொட்டியது. அப்படியானால் இந்த நாலு பேரில் யார்?

அன்றிலிருந்து வளைவில் நிற்பதே ஒரு தினுசாகப் போய்விட்டது. "நீங்க முன்னால நில்லுங்க அண்ணாச்சி." "சேச்சே, பாய் நிக்கட்டும், வயசில சின்னவரு." "எனக்கு வெயில் ஆகாது, ஜெபராஜ் வரட்டும்." ஒருவரையொருவர் உபசரிக்கிற உபசரிப்பைப் பார்த்தால் கல்யாணப் பந்தி தோற்றுவிடும். வண்டி வந்தால் யாரும் படம் எடுப்பதில்லை. விளக்கு யார் மேல் விழுகிறது என்றே பார்த்தார்கள். அது பொதுவாகச் சிமிட்டியது. அவனவன் வீட்டுக்குப் போய்ச் சட்டையைக் கழற்றி முதுகுப்புறத்தைப் பார்த்துக்கொண்டான். மரகதவல்லி கண்ணாடிக்கு முதுகைக் காட்டி நின்று கழுத்து சுளுக்கிக்கொண்டாள்.

"இப்பிடி பயந்து பயந்து சாவதுக்குத் தெரிஞ்சிக்கிடலாம். ஒவ்வொருத்தரா தனியா நிப்போம். மத்தவங்க பாலத்துக்குக் கீழ ஒளிஞ்சிக்கிடுவோம்" என்று கடைசியில் பாய்தான் சொன்னார்.

அடுத்த ஞாயிறு முதலில் அண்ணாச்சி போனார். கந்தசஷ்டி சொல்லிக்கொண்டே நின்றார். பாசஞ்சர் தடதடவென்று வந்து, அவர் வேட்டியைத் தலைக்கு மேல் தூக்கிவிட்டு, நிற்காமல் போனது. விளக்கு சிமிட்டவே இல்லை. அண்ணாச்சி வேட்டியை இறக்கக்கூடத் தோன்றாமல் அழுதார். அடுத்து பாய். அவருக்கும் வண்டி பறந்தது. ஒருதரமாவது சிமிட்டியிருக்கலாம் என்று அவருக்குக் கொஞ்சம் மனத்தாங்கல்தான். ஜெபராஜுக்கு மனைவி மாசமாக இருந்தாள். கண்ணை இறுக்க மூடிக்கொண்டு நின்றான். சரக்கு வண்டி ஒன்று அவனைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் போனது.

மிச்சம் இருந்தவள் மரகதவல்லி. மூன்று பேரும் அவளைப் பார்த்தார்கள். பார்த்துவிட்டுத் தரையைப் பார்த்தார்கள். பாய் பையிலிருந்து ஒரு முழு பன்னை எடுத்து அவள் கையில் வைத்தார். அதைப் பார்த்துத்தான் அவளுக்கு உறுதியாகிவிட்டது. நடந்து போய் வளைவில் நின்றாள். கொக்கி வைக்காத ஜாக்கெட்டுகள் கடையில் கிடக்கின்றனவே, யார் வைப்பார்கள் என்று நினைத்தாள். ஹாரன் கேட்டது. வண்டி வந்தது. வந்த வேகத்தில் போயே போய்விட்டது.

அவள் ஜல்லிக்கல் மேலேயே உட்கார்ந்து சிரித்தாள். பாலத்துக்குக் கீழிருந்து மூவரும் ஓடிவந்தார்கள். அண்ணாச்சி அவள் தலையைத் தொட்டு, "தாயி, தாயி" என்றார். பாய் பன்னை அள்ளி வீசாத குறை. யாருக்கும் ஒன்றும் இல்லை! நாலு பேரும் கையைக் கோத்துக்கொண்டு கூத்தாடினார்கள்.

அப்போது எக்ஸ்பிரஸ் வளைவுக்குள் வந்தது. பிரேக் கிறீச்சிட்டது. வண்டி ஊர்ந்தது. விளக்கு சிமிட்டியது, சிமிட்டியது, சிமிட்டிக்கொண்டே இருந்தது.

வண்டியின் வால் மறைகிற வரை யாரும் கோத்த கையை விடவில்லை. பிறகு ஜெபராஜ்தான் சொன்னான். "எல்லாரும் வரிசையா நின்னு திரும்புங்க பாப்போம்." போனை அண்ணாச்சியின் கம்பத்தில் சாய்த்து வைத்துப் படம் எடுத்தான். ஒவ்வொருவர் முதுகிலும் சாக்கட்டிக் கோடு கொஞ்சம் கொஞ்சம் இருந்தது. தனியாகப் பார்த்தால் சுவரில் சாய்ந்த அழுக்கு என்று தட்டிவிடலாம். நாலு முதுகும் சேர்ந்தால் பெரிய பெருக்கல் குறி.

"அப்போ நம்மள இல்ல" என்று பாய் மூச்சு விட்டார். "நம்ம சேத்தியத்தான், இந்த ஞாயித்துக்கிழமைக் கூட்டத்தத்தான் கொண்டுபோகப் போறான். உசிருக்கு ஒண்ணுமில்லல்லா?"

"ஆமா வே. நான்கூட என்னமோ ஏதோன்னுட்டு..." என்றார் அண்ணாச்சி.

ஜெபராஜ் மனைவிக்குப் போன் போட்டு, "ஒண்ணும் பயமில்ல, கறிக்கொழம்பு வையி" என்றான். அவர்களைக் குறை சொல்வதற்கில்லை. ஆளுக்கொரு வீடு இருந்தது, வீட்டில் ஆட்கள் இருந்தார்கள். மரகதவல்லிக்கு மட்டும் பயம் முன்னைவிடக் கூடியது. தன்னை ஒருத்தியைக் கொண்டுபோயிருந்தால்கூட அவள் இவ்வளவு பயந்திருக்க மாட்டாள். போன பிறகு பயப்பட ஆள் இருக்காதே. இப்போது அவள் இருப்பாள், வாரத்துக்கு ஒரு ஞாயிறு வரும், சுவரும் வரும்.

அடுத்த ஞாயிறு போகாமல் இருந்துவிடலாமா என்று பார்த்தாள். போகாவிட்டால் ஞாயிறு அத்தோடு முடிந்தது. போனால் கொண்டுபோய்விடுவார்கள். இரண்டும் ஒன்றுதான். ஆனால் போனால் இன்னொரு தரம் மூன்று பேரையும் பார்க்கலாம். போனாள். மற்றவர்களும் வந்திருந்தார்கள். நல்ல சட்டை போட்டு வந்திருந்தார்கள். பாய் டீ ஊற்றினார்.

சரக்கு வண்டி வந்து வளைவில் நின்றது. பின்பெட்டியிலிருந்து வெள்ளைச் சட்டை கார்டு இறங்கி, பச்சைக்கொடியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நடந்து வந்தார்.

"நாலு பேருந்தானே?"

"சார், எங்க சேத்தி இன்னும் நல்லாத்தான் ஓடிக்கிட்டிருக்கு சார்" என்றாள் மரகதவல்லி. "ஒரு கோளாறும் கிடையாது. நீங்களே கேட்டுப் பாருங்க."

"எல்லாரும் அதைத்தான்மா சொல்லுதாங்க."

"செவ்வாக்கிழமைக்கு மாத்திக்கிடுதோம் சார். பாய் கடையில வச்சு."

"இது ஞாயிறு ஓடுத வண்டிம்மா. செவ்வாய்க்கு ஓடாது."

"வெட்டிருவாங்களா?"

கார்டு கொடியைச் சுருட்டினார். "வடக்க போனா அதுதானே செய்வாங்க."

மரகதவல்லி அழுதாள். வெட்கம் பார்க்காமல், வாய்விட்டு அழுதாள். அண்ணாச்சி அப்போதுதான் அவளை நிமிர்ந்து பார்த்தார். பாயும் பார்த்தார். மூன்று பேருக்கும் முகம் செத்துப்போனது. ஜெபராஜ் கேமரா வாரை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தான்.

சரக்கு வண்டியின் இன்ஜின் நீளமாக ஒரு ஹாரன் கொடுத்தது. தூரத்தில் ஷெட்டுக்குள்ளிருந்து இன்னொன்று கொடுத்தது. பிறகு ஜங்ஷனில் நின்ற எல்லா இன்ஜின்களும் சேர்ந்து கத்தின. "இது வடக்கத்தி ஹாரன்" என்று அண்ணாச்சி முணுமுணுத்தார். கார்டு காதைப் பொத்தாமல் முழுக்கக் கேட்டார்.

"வெட்டக் கூடாதுங்குதாங்க. உங்க படம்னா அவங்களுக்கு உசிராம். நிறுத்தி வைக்கச் சொல்லுதாங்க" என்றார். "ஜங்ஷன் வாசல்ல, பழைய இன்ஜினை நிறுத்துத மாதிரி, மேடை கட்டி, பெயிண்ட் அடிச்சு, சுத்திக் கம்பி போட்டு நிறுத்திருவோம். பத்திரமா இருக்கும். ஆனா நீங்க திரும்ப எடுத்து ஓட்ட முடியாது. சரிதானா?"

"நாலு பேரும் ஒண்ணாத்தானே நிப்போம்?"

"ஒண்ணாத்தான்."

"பன்னு?" என்றார் பாய்.

"பன்னோடதான்."

மரகதவல்லி சரி என்று தலையாட்டினாள். கார்டு குனிந்து அவளுக்கும் பாய்க்கும் நடுவில் கையை விட்டு, பெட்டியைக் கழற்றிவிடுகிற மாதிரி எதையோ இழுத்தார். டணங்கென்று இரும்புச் சத்தம் கேட்டது. உடனே திங்கட்கிழமை.

இப்போது செங்கரடு ஜங்ஷன் வாசலில் அந்த ஞாயிற்றுக்கிழமை நிற்கிறது. நாலு பேரும் தலையோடு தலை ஒட்டி ஒரு படத்தைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். சுற்றிலும் கம்பி, கம்பியைச் சுற்றிக் குரோட்டன்ஸ் செடி. நூல் பார்சல் எடுக்க வரும்போது மரகதவல்லி அதைத் தாண்டித்தான் போகிறாள். சனிக்கிழமை கண்ணை மூடினால் திங்கட்கிழமைதான் விழிக்கிறாள். சுவர் நெருங்குவதற்கு நாளே இல்லை. ஆனால் சனிக்கிழமை பொழுது சாயச் சாய தூங்கிவிடுவோமோ என்று அவளுக்குப் பயம் வருகிறது. மிஷினை இறுக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். எப்படியும் கண் மூடிவிடுகிறது. பேக்கரியில் காதர் மைதீன் முன்பின் தெரியாதவர் மாதிரி, "என்னம்மா வேணும்?" என்று கேட்கிறார். தேங்காய் பன் ஒன்று வாங்கிக்கொள்கிறாள். காசைக் கொடுத்துவிட்டுத் திரும்பிவிடுகிறாள்.

இந்த மழைக்கு மேடையில் அவள் முகத்தில் மட்டும் பெயிண்ட் உரிந்துவிட்டது. சரிசெய்ய வந்த பெயிண்டர், பார்சல் மூட்டையோடு போனவளைக் கூப்பிட்டு நிறுத்தினார்.

"யம்மா, நீங்கதானே இது? கொஞ்சம் சிரிங்க. பாத்து அடிச்சிக்கிடுதேன்."

அவள் மூட்டையை இறக்கி வைத்துவிட்டுச் சிரித்தாள். பெயிண்டர் தலையைச் சாய்த்துப் பார்த்தார்.

"இது இல்லம்மா. வேற."

அவள் வேறு மாதிரி சிரித்தாள். ஒன்றாம் பிளாட்பாரத்தில் சென்னை எக்ஸ்பிரஸ் மேடையைப் படம் எடுப்பதற்காகக் காத்துக்கொண்டு நின்றது. பயணிகள் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார்கள். "வண்டி லேட்டாவுதும்மா" என்றார் பெயிண்டர். அவள் இன்னொரு தரம், பல்லெல்லாம் தெரிய, முயற்சி செய்தாள். பெயிண்டர் பிரஷை உதறினார்.

"சரி, விடுங்க. பாயோட வாயைப் பாத்து அடிச்சிக்கிடுதேன்."

அடித்து முடித்தார். நன்றாகத்தான் இருந்தது. மறைக்காமல் இருக்க அவள் மூட்டையோடு ஓரமாகத் தள்ளி நின்றுகொண்டாள். வண்டி சிமிட்டிவிட்டுக் கிளம்பியது.